நேற்று வந்த பருவும் எட்டு வருசத் தழும்பும்

நான் வேலை செய்யும் ஸ்ரூடியோவின் கணினியில் ‘பொம்பிளை’ என்று பெயர் வைத்த ஒரு பில்டர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கலியாணப் பெண்ணைப் பொம்பிளை என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரின் மேல் ஒருமுறை அழுத்தினால் போதும். முகத்தின் நிறம் இரண்டு படி வெளுக்கும், தோல் வழுவழுப்பாகும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை போய்விடும். கோப்பாயில் இருந்து வந்த பொம்பிளையும் சாவகச்சேரியில் இருந்து வந்த பொம்பிளையும் அதற்குள் போய் வெளியே வரும்போது ஒன்றுவிட்ட சகோதரிகள் போல ஆகிவிடுவார்கள். அதை உண்டாக்கியவர் எங்கள் முதலாளி. அவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். ஆல்பம் எடுக்க வருகிற தாய்மார் முதல் பக்கத்தைத் திறந்து நல்ல வடிவாயிருக்கு என்று சொல்லும்போது, அண்ணை எங்கள் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

அந்தச் சிமிட்டலில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பெருமையும் இருந்தது. எங்கள் வீட்டில் கணினியைத் தொட்ட முதல் ஆள் நான். சண்டிலிப்பாயில் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் புகையிலையும் வெங்காயமும் வைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். எழுதுவார் என்பதைவிட வரைவார் என்பதே சரி. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அக்கா எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்துவிட்டாள். உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குள் கால் வைத்தது நான் மட்டும்தான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போக, ஒரு வருடம் வரைகலை படித்துவிட்டு, யாழ்ப்பாணப் பட்டினத்தில் இந்த ஸ்ரூடியோவுக்கு வந்து சேர்ந்தேன்.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு பிழை விட்டேன். அதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது.

நீர்வேலியில் இருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும். மனைவி இறந்து இரண்டு கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு வீடுகளில் நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பார்கள் அல்லவா, அதன் முன்பக்கத்துக்கு ஒரு முகப்படம் வேண்டும் என்றார். போனுக்குள் இருந்த சிப்பைக் கழற்றி என் கையில் தந்தார். அதில் இருந்த படங்களில் ஒன்றில்தான் அந்த அம்மா நேராகக் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழைக்குலை ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தோளில் யாரோ கை போட்டிருக்கிறார்கள். முகம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு அவர் சுவரோர வாங்குப் பலகையில் இருந்துவிட்டார்.

நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். படத்தைக் கணினிக்கு எடுக்காமல் சிப்பில் இருந்தே திறந்தேன். தோளில் இருந்த கையை அழித்தேன். முகத்தை வெட்டி எடுத்தேன். பின்னால் இருந்த வாழைகளை நீலமாக்கினேன். பிறகு சேவ் என்று அழுத்தி, சிப்பைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் முடிந்து கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். அந்த முழுப்படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டுமாம். சிப்பைப் போட்டுப் பார்த்தால், நான் வெட்டிய, நீலப் பின்னணி போட்ட முகம் மட்டும்தான் இருக்கிறது. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருக்கிறேன். அழிந்ததை மீட்கிற மென்பொருள் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தோம். அரை மணித்தியாலம் கணினி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை. அந்தத் தோளில் இருந்தது யாருடைய கை என்று நான் கேட்டேன். அவர் தன்னுடைய வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் இருவரும் சேர்ந்து நின்று எடுத்த படம் அது ஒன்றுதானாம்.

ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் சிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“சரி, விடும் தம்பி. முகம் கிடக்குத்தானே. கை என்னட்டை இருக்கு.”

இன்றைக்கும் பட்டினத்துக்கு வந்தால் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் அவருக்குச் செய்ததற்கு அவர் எனக்குச் செய்வது இது. எந்தக் கணக்கிலும் இது சேராது.

அன்று அவர் போன பிறகு, பக்கத்துக் கணினியில் இருந்தவள் தன் வேலையை நிறுத்தினாள். அவள் குருநகர்ப் பெண். தகப்பன் கடலுக்குப் போகிறவர். என் வயதுதான், ஆனால் எனக்கு ஆறு மாதம் முன்னதாக வேலைக்கு வந்ததை ஒரு பதவி போல வைத்திருந்தாள். கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்து, இனிமேல் எனக்கு யாரும் சிப் தரக்கூடாது என்று முதலில் சொன்னாள். பிறகு அவள் எப்படி வேலை செய்கிறாள் என்று காட்டினாள். படித்த இடத்தில் எனக்கும் இதைச் சொல்லித்தான் தந்தார்கள். அவசரத்தில் யார் அதெல்லாம் செய்வது என்று விட்டிருந்தேன்.

மூலப்படத்தில் கை வைக்கக்கூடாது. அதைப் பிரதி எடுத்து, அடியில் பூட்டி வைத்துவிட வேண்டும். செய்கிற வேலை எல்லாம் அதற்கு மேலே, ஒவ்வொன்றும் ஒரு தனி லேயராக, கண்ணாடித் தாள் அடுக்கியது போல. வெளுப்பாக்குகிற பில்டர் ஒரு தாள். தழும்பை மறைப்பது இன்னொரு தாள். ஒவ்வொரு தாளோடும் ஒரு மாஸ்க் ஒட்டிக்கொண்டிருக்கும். மாஸ்க்கில் கறுப்புப் பூசினால், அந்த இடத்தில் பில்டர் விலகி அடியில் உள்ளது தெரியும். வெள்ளை பூசினால் பில்டர் திரும்ப வரும். சாம்பல் நிறம் என்றால் அரைவாசி. லேயரின் ஓரத்தில் கண் போல ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் கண் மூடிக்கொள்ளும், அந்தத் தாளே இல்லாதது போலாகிவிடும். திரும்ப அழுத்தினால் வரும். எதுவும் அழிவதில்லை.

எனக்கு இது படித்த இடத்தில் பிடிபட்டதைவிட அன்று நன்றாகப் பிடிபட்டது. புகையிலை நாற்று மேடைக்கு மேலே வெயிலுக்குப் பின்னிய தென்னோலைக் கிடுகு போடுவதும் பின்னேரத்தில் எடுத்துவிடுவதும் சின்ன வயதில் என்னுடைய வேலை. கிடுகை எடுத்தால் நாற்று வைத்தபடியே இருக்கும். இதை அவளிடம் சொன்னேன். அவளுக்குப் புகையிலை நாற்றும் தெரியாது, கிடுகு போடுவதும் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுக்காமல், “ஓம், அதுதான். படம் உம்மடை இல்லை. மேலை போடுற கிடுகு மட்டும்தான் உம்மடை” என்றாள்.

அதன் பிறகு நான் ஒரு படத்தின் மூலத்தையும் தொட்டதில்லை. ஆனால் மூலத்தைக் காப்பாற்றி வைப்பது ஒன்று, மேலே என்ன போடுகிறோம் என்பது வேறொன்று. இரண்டாவதை எனக்குச் சொல்லித் தந்தது அக்கா.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மூன்று இடம் வந்து மூன்றும் சரிவரவில்லை. நாலாவதாக ஒரு தரகர் கனடா மாப்பிள்ளை ஒருவரின் இடத்தோடு வந்தார். சாதகக் குறிப்பு நன்றாகப் பொருந்துகிறது, இனிப் படம்தான் பாக்கி என்றார். தேத்தண்ணீரைக் குடித்தபடி அப்பாவிடம் சொன்னார்:

“போன முறை தந்த படம் சரியில்லை. பிள்ளை வெயிலுக்கை நிண்ட மாதிரி இருக்கு. தம்பி ஸ்ரூடியோவிலைதானே நிக்கிறார். கொஞ்சம் வெளிச்சமா எடுத்துத் தாங்கோ.”

குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. “நான் வெயிலுக்கை நிண்டனான்தானே.”

தரகர் சிரித்தார். அம்மா குசினிப் பக்கம் திரும்பி முறைத்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் படம் தன் போனுக்கு வரவேண்டும், மாப்பிள்ளையின் தாய் அன்றைக்குத்தான் மகனோடு ஆறுதலாகக் கதைப்பார் என்று சொல்லிவிட்டுத் தரகர் எழும்பினார்.

ஸ்ரூடியோவில் இருந்து கமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுச் சுவரோரம் அக்காவை நிறுத்தி முப்பது படம் எடுத்தேன். பச்சைச் சீலை. ஒரு படத்தில், ஏதோ சொல்லி முடித்த பிறகு மிஞ்சியிருக்கும் சிரிப்போடு நின்றாள். அதைத் தெரிந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை முழுவதும் அதற்கு மேல் வேலை செய்தேன். மூலத்தை அடியில் பூட்டினேன். ‘பொம்பிளை’ பில்டரை ஒரு லேயராகப் போட்டேன். தோலை வழுவழுப்பாக்க ஒன்று. கண்ணுக்குக் கீழே ஒன்று. கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் ஒத்துப்போக ஒன்று. நாடியில், உதட்டுக்குச் சற்றுக் கீழே, அரை அங்குலத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதற்கு ஒரு லேயர். நாலு சொடுக்கு. போய்விட்டது.

குருநகர்க்காரி எட்டிப் பார்த்தாள். வேலை சுத்தமாயிருக்கிறது என்றாள். பிறகு, தங்கள் வீட்டில் அப்பாவை இப்படி வெளுப்பாக்கினால் யாரோ அந்நியன் என்று அம்மா படலையைப் பூட்டிவிடுவா என்றாள். நான் அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன்.

சனிக்கிழமை ஒரு பிரதி அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா கன நேரம் பார்த்தார். வடிவாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா கை கழுவிக்கொண்டு வந்து, படத்தை ஓரத்தில் பிடித்து வாங்கினாள்.

“ஆர் உது?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நாடியிலை கிடந்தது எங்கை?”

எடுத்துவிட்டேன், நாலு சொடுக்குத்தான் என்று நான் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒரு கெட்டிக்காரன் நின்றான். அக்கா படத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பக் குசினிக்குள் போனாள். அவளுக்கு ஏதும் கோபமா என்று கேட்டதற்கு, அம்மா, அதெல்லாம் ஒன்றும் இல்லை, கலியாணம் முடிந்தால் பிறகு யார் படத்தைப் பார்க்கிறது என்றார்.

குசினிக்குள் சட்டி வைக்கிற சத்தம் கேட்டபோதுதான் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. எட்டு வருசத்துக்கு முன் என் உயர்தரப் பரீட்சையின் முதல் நாள். அப்பா நாரிப் பிடிப்போடு, இடுப்பை அசைக்க முடியாமல், பாயில் கிடந்தார். வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டு நாலு நாள். அன்றைக்கு இறைக்காவிட்டால் வாடிவிடும். இறைப்பு மிசினைக் கயிறு சுற்றி இழுத்து இயக்குவது என்னுடைய வேலை. அந்தக் கயிற்றின் நுனியில் பிடிப்பதற்கு ஒரு மரக்கட்டை இருக்கும். அது ஒரு முரட்டு மிசின். சில நேரம் திருப்பி அடிக்கும். நான் வெள்ளைச் சேட்டோடு கிணற்றடிக்குப் போனபோது, அக்கா கயிற்றை என் கையில் இருந்து பறித்தாள். சேட்டில் எண்ணெய் படப் போகிறது, பஸ் போகப் போகிறது, நீ போ என்றாள். நான் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தால் நாடியில் துணி கட்டியிருந்தாள். இரண்டாம் இழுவையில் மிசின் திருப்பி அடிக்க, கட்டை வந்து விழுந்திருக்கிறது. தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனது வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி முடிந்த பிறகுதான். என்னிடம் அவள் கேட்டது, கேள்வித்தாள் கஷ்டமா என்பது மட்டும்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. எனக்கும் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தத் தழும்பைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு புள்ளியாக மட்டும்தான் தெரிந்தது. அக்காவின் நிறமும் அப்படித்தான். நான் வகுப்பில் இருந்த வருசங்களில் அவள் தோட்டத்தில் நின்று வாங்கிய நிறம் அது. அதையும் ஒரு பில்டரால் தள்ளிவிட்டிருந்தேன்.

அன்று பின்னேரம், நாளைக்கு உன்ரை ஸ்ரூடியோவுக்கு வாறன் என்று அக்கா சொன்னாள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருசத்தில் ஒருநாளும் வராதவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மானிப்பாய் வழியாகப் போனேன். அண்ணை ஒரு கலியாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். குருநகர்க்காரி தேவாலயத்தில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழும்பினாள்.

“வாங்கோ அக்கா. உங்களைப் பாக்க முதலே உங்கடை முகத்தை ரெண்டு நாளாப் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“அது ஆரின்ரை முகம் எண்டு கேக்கத்தான் வந்தனான் பிள்ளை.”

இருவரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில், நான் வீட்டில் தேங்காய் துருவுவேனா, ஸ்ரூடியோவில் கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்வேனா என்றெல்லாம் விசாரணை நடந்து முடிந்தது. நான் கணினியைத் திறந்துகொண்டிருந்தேன்.

கோப்பைத் திறந்து, மேலே இருந்து ஒவ்வொரு லேயராகக் கண்ணை மூடினேன். கழுத்தின் நிறம் மாறியது. கண்ணுக்குக் கீழே கருமை வந்தது. தோல் தோலாயிற்று. ‘பொம்பிளை’யை மூடியதும் முகம் தன் நிறத்துக்கு இறங்கியது. கடைசியாக நாடியில் இருந்த லேயரை மூடினேன். தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்து, திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு போனாள். கை தன்பாட்டில் நாடிக்குப் போயிற்று.

“அழியேல்லையோ?”

இல்லை, அடியில் அப்படியே இருக்கிறது, மேலே மூடித்தான் வைத்தேன் என்றேன். அப்போதுதான் நான் பயந்துகொண்டிருந்ததையும் சொன்னேன். இப்படியே அனுப்பினால் கனடாக்காரர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். மூன்று இடம் போய்விட்டது. என்னைப் படிப்பித்ததில்தான் அவளுக்கு வயதும் போனது. இந்த இடம் என் கையால் தவறிப் போனால் நான் எந்த முகத்தோடு வீட்டில் இருப்பது என்று கேட்டேன்.

அக்கா, நான் வெளுப்பாக்கிய படத்தைத் திரும்ப ஒருமுறை காட்டச் சொன்னாள். காட்டினேன். பார்த்தாள்.

“உதைப் பாத்திட்டு அந்த மனிசன் வந்து இறங்கினால், பிளேனடியிலை என்னைத் தேடுவார். அது பரவாயில்லை. கலியாணம் கட்டி, பக்கத்திலை இருந்து சோறு போடேக்கையும் தேடிக்கொண்டு இருப்பாரடா. அதை நான் என்னெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது?”



அவள் மவுஸைத் தரச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவை பிடிக்கிறாள். இறைப்புக் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்தாள். எப்படி என்று கேட்டாள். பில்டரின் மாஸ்க்கைத் தெரிந்தெடுத்து, பிரஷ்ஷைப் பெரிதாக்கி, கறுப்பு நிறத்தை எடுத்துக் கொடுத்தேன்.

“கறுப்பாலை பூசினால் நான் வருவன், என்ன?”

குருநகர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓம், கறுப்பால் பூசினால் நீ வருவாய் என்றேன். அக்கா பூசத் தொடங்கினாள். நெற்றியில் இருந்து கீழ்நோக்கி, சுவருக்கு வெள்ளை அடிக்கிறது போல, ஒரு இடம் விடாமல். பூசப் பூச அவளுடைய நிறம் வந்தது. காதோரம் தவறி வெளியே போனால், குருநகர்க்காரி எட்டி ஒரு விசையை அழுத்தித் திருத்திவிட்டாள். பிறகு நாடி; அதன் லேயரின் மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் மட்டும் அக்கா பிரஷ்ஷைச் சின்னதாக்கச் சொன்னாள்.

முடிந்த பிறகு கன்னத்தில் ஒரு பரு தெரிந்தது. தழும்பைப் போலவே அதையும் வைத்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அதை எடுத்துவிடு. அது நேற்று வந்தது, நாளைக்குப் போயிடும். நாடியிலை கிடக்கிறது எட்டு வருசம்.”

நெற்றிக்குக் குறுக்கே காற்றில் விழுந்திருந்த ஒரு மயிரையும் எடுத்துவிடச் சொன்னாள். அதுவும் அவளுடையது இல்லை, காற்றினுடையதாம். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையில் வந்து கொஞ்சம் யோசித்தாள். பாதி எடுக்கலாமா என்று கேட்டாள். சாம்பல் நிறத்தை எடுத்துக் கொடுத்தேன். நித்திரை கொண்டால் போகிற கருமைதானே, தான் நித்திரை கொள்ளுகிறவள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

அந்தப் படம் அங்கிருந்தே தரகருடைய போனுக்குப் போனது. அனுப்பும் விசையை அழுத்தியதும் அக்காதான்.

தரகர் அரை மணித்தியாலத்தில் எடுத்தார். அப்பாவுக்கு எடுக்காமல் எனக்கு எடுத்தார். ஸ்ரூடியோவில் வேலை செய்கிற பெடியன் சொந்தத் தமக்கைக்கு இவ்வளவும்தானா செய்வான் என்று கேட்டார். இவ்வளவும்தான் என்றேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. குறிப்புப் பொருந்தவில்லையாம். படம் போக முன்னம் பொருந்தின குறிப்பு.

அம்மா என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. அதைத் தாங்கலாம். அக்கா வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மூடி வைத்திருந்த லேயர்களின் கண்ணைத் திறந்து அந்த வெளுப்புப் படத்தை அனுப்பியிருந்தால் என்று பல நாள் நினைத்தேன். அது அழியவில்லை, கோப்புக்குள் அதுவும் கிடந்தது. ஒரு சொடுக்கு. அக்காவிடம் இதைச் சொன்னதற்கு, வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கியபடி, அந்தப் பெட்டைக்கு வேறு இடத்தில் பார் என்றாள். எந்தப் பெட்டைக்கு என்று கேட்டேன். அந்த வெள்ளைப் பெட்டைக்கு என்றாள்.

ஏழு மாதம் போனது. அதே படம், அதே தரகர்தான் கொண்டு போனார். கோப்பாயில் பஸ் ஓட்டுகிற ஒருவர் தாயோடு பெண் பார்க்க வந்தார். அவருடைய படம் முன்னமே வந்திருந்தது; வாயை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்த படம். ஆள் கடுமை போல என்று அம்மா பயந்திருந்தார். அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதத்தில் அவளோடு நேரே கதைத்தார்.

“படத்திலை பாத்த மாதிரியே இருக்கிறியள்.”

அவர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அடையாள அட்டையைப் பார்த்து ஆளைச் சரிபார்க்கிற குரல்தான் அது. ஆனால் அக்கா தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

தாய்தான் தழும்பைக் கேட்டார். அம்மாவின் முகம் மாறியது. அக்கா சொன்னாள், மிசின் திருப்பி அடிச்சது மாமி.

“உந்த மிசினோ? இவன்ரை முன்பல்லு ஒண்டு கட்டின பல்லு. அதுவும் உந்த மிசின் தட்டினதுதான்.”

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். பிறகு மூடி வைக்க முடியாமல் சிரித்தார். முன்பல்லு ஒன்று மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது. படத்தில் ஏன் அப்படி வாயை இறுக்கியிருந்தார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவை அவரைத் தம்பி என்று கூப்பிட்டார்.

கலியாணத்துக்கு வாசலில் கட்டக் குலையோடு இரண்டு வாழை நீர்வேலியில் இருந்து வந்தன. அந்தத் தோட்டக்காரரே கொண்டுவந்து நிறுத்திக் கட்டினார். நான் பொம்பிளையின் தம்பி. சால்வையும் வேட்டியுமாக ஓடித் திரிந்தேன், கமராவைத் தொடவில்லை. படம் எடுத்தவர் அண்ணை. கணினியில் வேலை செய்தவள் குருநகர்க்காரி.

இரண்டு கிழமைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிப் போய், அக்காவின் ஆல்பக் கோப்புகளைத் திறந்தேன். ‘பொம்பிளை’ பில்டர் எதிலும் இல்லை. அண்ணை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னார், நான் கேட்கவில்லை என்றாள் அவள். ஒவ்வொரு கோப்பிலும் மூலத்துக்கு மேலே ஒரேயொரு லேயர். அதற்கு அவள் வைத்த பெயர் ‘நேற்று வந்தது’. அக்கா வந்துபோன நாளில் இருந்து அவள் எல்லாப் படங்களிலும் இந்தப் பெயரைத்தான் வைக்கிறாள், நானும் வைக்கிறேன். பரு, சீலையில் சிந்திய சந்தனம், கன்னத்தில் ஒட்டிய பூவிதழ், இப்படியானவை மட்டும்தான் அதற்குள் போகும். மச்சம், தழும்பு, நிறம் போகாது. வாடிக்கையாளர் கேட்டால் வேறு லேயரில் செய்து கொடுப்போம். கேட்காமல் செய்வதில்லை.

ஒரு படத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. அக்கா வீட்டை விட்டுப் புறப்படும்போது எடுத்த படம். அப்பாவின் கையைப் பிடித்தபடி அழுகிறாள். கண்மை கரைந்து இரண்டு கன்னத்திலும் கோடாக இறங்கியிருக்கிறது. அதையும் ‘நேற்று வந்தது’க்குள் போட்டுச் சுத்தமாகத் துடைத்திருந்தாள் குருநகர்க்காரி. அவளிடம் கேட்டேன். மை கரைந்தது அன்றைக்கு வந்ததுதானே என்றாள். அதுவும் நியாயம்தான். முடிவு எடுக்க முடியாமல் இரண்டு விதமாகவும் அச்செடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் படத்தின் இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். துடைத்தது ஒன்று, துடைக்காதது ஒன்று. அத்தான் துடைத்ததைத்தான் முதலில் எடுத்தார். அக்கா மற்றதை எடுத்து, ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இது நேற்று வந்ததுதானே, எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“இல்லையடா” என்றாள். “அது கனநாளாக் கிடந்தது.”

திங்கட்கிழமை போய், அந்தப் படத்தில் ‘நேற்று வந்தது’ லேயரின் கண்ணை மூடிவிட்டு, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.